ஐந்து நிமிட வேலைக்குத் திறந்த கணக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடிஎஃப் கோப்பைச் சுருக்க ஒரு தளம், படத்தின் பின்புலத்தை நீக்க இன்னொன்று, கூட்டத்தில் பேசியதை எழுத்தாக மாற்ற ஓர் ஏஐ ஆப். வேலை ஐந்து நிமிடத்தில் முடிகிறது, டேபை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் கொடுத்த அனுமதியும் ஏற்றிய கோப்பும் சேமித்த கார்டு எண்ணும் அங்கேயே கிடக்கின்றன. புதுக் கருவிகளால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படி விட்டுவிட்டு வந்தவற்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் உள்நுழைவு. ‘கூகுள் மூலம் உள்நுழைக’ என்ற பட்டனை அழுத்துவதில் தவறில்லை. உங்கள் பாஸ்வேர்டு அந்தத் தளத்துக்குப் போவதே இல்லை. கவனிக்க வேண்டியது அடுத்து வரும் திரையைத்தான். பெயர், மெயில் முகவரி, புரொஃபைல் படம் ஆகியவற்றை மட்டும் கேட்டால் அது வெறும் உள்நுழைவு. ‘உங்கள் மெயில்களைப் படிக்க, அனுப்ப, நிரந்தரமாக நீக்க’, ‘டிரைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்க, திருத்த’ என்றெல்லாம் வரிகள் வந்தால் வீட்டுச் சாவிக்கொத்தையே கேட்கிறார்கள் என்று பொருள். மெயில்களைச் சுருக்கித் தரும் கருவி மெயிலைப் படிக்கக் கேட்பது நியாயம். படத்தைத் திருத்தும் கருவி அதைக் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பல நேரம் ஒவ்வொரு அனுமதிக்கும் பக்கத்தில் ஒரு டிக் பெட்டி இருக்கும். வேண்டாததை எடுத்துவிட்டு மேலே போகலாம். இப்படி ஒரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

2017 மே 3 அன்று நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். தெரிந்தவர் ஒரு ஆவணத்தைப் பகிர்ந்ததாக மெயில் வந்தது. அழுத்தினால் கூகுளின் உண்மையான அனுமதித் திரையே திறந்தது. அனுமதி கேட்ட ஆப்பின் பெயரும் ‘கூகுள் டாக்ஸ்’. ஆனால் அது யாரோ உருவாக்கிப் பெயர் சூட்டிய வேறொரு ஆப். அனுமதித்தவர்களின் கான்டாக்ட் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதே மெயில் பறந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் அதை முடக்கியது. பாஸ்வேர்டு எதுவும் திருடப்படவில்லை, அனுமதி ஒன்றே போதுமானதாக இருந்தது. அன்று திரையில் ஆப்பின் பெயரைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு மட்டும், டெவலப்பர் முகவரி என்ற இடத்தில் யாரோ ஒரு தனிநபரின் ஜிமெயில் முகவரி தெரிந்தது. அந்த ஒரு தட்டலை இன்றும் பழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. மெயில் சார்ந்த அனுமதிகள் அதில் ரத்தாகலாம். மற்றவை அப்படியே தொடரும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், வெளி ஆப்களுக்கும் சேவைகளுக்கும் நீங்கள் கொடுத்த இணைப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். வரிசை முக்கியம்: முதலில் அந்தக் கருவிக்குள் போய் உங்கள் கணக்கை டெலீட் செய்யுங்கள், பிறகு இணைப்பைத் துண்டியுங்கள். இணைப்பை மட்டும் துண்டித்தால், ஏற்கெனவே அவர்களிடம் போய்ச் சேர்ந்த தகவல் அழியாது.

பிரவுசரில் கூடுதல் வசதிக்காக நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான எக்ஸ்டென்ஷன்கள் இன்னும் ஆழமான சிக்கல். ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்ற அனுமதியை வாங்கிய எக்ஸ்டென்ஷனால், நீங்கள் திறக்கும் வங்கிப் பக்கத்தையும் பார்க்க முடியும். இன்று நல்லதாக இருப்பது நாளையும் நல்லதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, ஏனென்றால் எக்ஸ்டென்ஷன்கள் விற்கப்படுகின்றன, தாமாகவே அப்டேட்டும் ஆகின்றன. திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ பல ஆண்டு நம்பிக்கையாக ஓடியது. 2020இல் கை மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. குரோமில் புதிர்த்துண்டு ஐகானை அழுத்தி, எக்ஸ்டென்ஷனின் மூன்று புள்ளி மெனுவில் தள அனுமதியை ‘கிளிக் செய்யும்போது மட்டும்’ என்று மாற்றிவையுங்கள். மாதக்கணக்கில் தொடாத எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைக்காமல் நீக்கிவிடுவதே நல்லது.

இனி கோப்புகள். அடையாள அட்டையையோ ஒப்பந்தத்தையோ அனுப்பும் முன், பிடிஎஃப் எடிட்டரில் எண்ணின் மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை வரைந்துவிட்டு மறைத்தாயிற்று என்று நம்புகிறோம். அந்தக் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, ஒரு வெற்று நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள். பல நேரம் மறைத்த எண் அப்படியே வந்து விழும். கறுப்புக் கட்டம் எழுத்தின் மேல் வைத்த தனி அடுக்குதான், அடியில் இருக்கும் எழுத்தை அது தொடுவதே இல்லை. எழுத்தையே அழிக்கும் ரிடாக்ட் வசதி உள்ள மென்பொருள் வேண்டும். அது இல்லையென்றால், கட்டம் வரைந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை அனுப்புங்கள். ஃபோனில் ஹைலைட்டர் பேனாவால் திரும்பத் திரும்பத் தேய்த்து மறைப்பதும் உதவாது. அந்த மை பாதி ஒளி ஊடுருவுவது. பிரைட்னஸை ஏற்றினால் எழுத்து மேலே வந்துவிடும்.

படத்தை கிராப் செய்வதிலும் ஒருமுறை இந்த ஓட்டை வெளிப்பட்டது. கூகுள் பிக்ஸல் ஃபோன்களின் மார்க்அப் கருவியில் வெட்டிய படத்தைச் சேமித்தபோது, வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பின் கடைசியில் மிச்சமிருந்தது 2023 மார்ச்சில் தெரியவந்தது. விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே பிழை. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆனால் அதற்கு முன் பகிர்ந்த படங்களுக்கு அந்தத் திருத்தம் உதவாது.

கோப்பை ஏற்றும் முன், அதற்குத் தளம் தேவைதானா என்று பாருங்கள். நாற்பது பக்க பிடிஎஃப்பில் மூன்று பக்கம் மட்டும் வேண்டுமென்றால், குரோமில் திறந்து பிரிண்ட் கொடுத்து, ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்பதைத் தேர்ந்து, பக்கங்கள் என்ற இடத்தில் 3-5 என்று இட்டால் முடிந்தது. கோப்பு உங்கள் கணினியை விட்டு நகர்வதே இல்லை. கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் இலவச கன்வர்ட்டர் தளங்கள் வழியாக மால்வேர் எனும் தீங்கான மென்பொருள் வருவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. கேட்ட கோப்பு பிடிஎஃப் ஆக இருக்க, டவுன்லோட் ஆனது மென்பொருளை நிறுவும் ஒரு இன்ஸ்டாலராக இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

ஏஐ உரையாடலை நண்பருக்குக் காட்ட ‘ஷேர்’ லிங்க் எடுப்பவர்கள், அது நண்பருக்கு மட்டும் போகும் கடிதம் என்று எண்ணிவிடுகிறார்கள். லிங்க் கையில் இருக்கும் யாரும் அதைத் திறக்கலாம். சாட்ஜிபிடியில் பகிர்ந்தவற்றைத் தேடுபொறியில் கிடைக்கச் செய்யும் ஒரு தேர்வு இருந்தது. அதை டிக் செய்தவர்களின் உரையாடல்கள் 2025 ஜூலை இறுதியில் கூகுள் தேடலில் கிடைப்பது செய்தியானதும், அந்த வசதியை சாட்ஜிபிடியின் நிறுவனமான ஓபன்ஏஐ எடுத்துவிட்டது. சாட்ஜிபிடியின் அமைப்புகளில் டேட்டா கன்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போனால் இதுவரை பகிர்ந்த லிங்க்குகள் எல்லாம் வரிசையாகத் தெரியும், அங்கேயே நீக்கலாம். அவர்களின் ஏஐ மாடலை மேம்படுத்த உங்கள் உரையாடலைப் பயன்படுத்தும் தேர்வும் அதே பகுதியில்தான் இருக்கிறது. வேண்டாமென்றால் அணைத்துவிடுங்கள்.

இலவச டிரையலில் சேர்ந்துவிட்டு ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது, பணம் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து புரொஃபைல் படத்தைத் தட்டி, பேமென்ட்ஸ் பகுதியில் உள்ள சந்தாக்களில் ரத்து செய்ய வேண்டும். ஐஃபோனில் செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், பிறகு சந்தாக்கள். ஆப்பிளில் டிரையல் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பாவது இதைச் செய்துவிட வேண்டும். கருவியின் தளத்திலேயே கார்டு எண் கொடுத்திருந்தால், இந்த இரண்டு பட்டியலிலும் அது தென்படாது. அந்தத் தளத்துக்கே போய்த்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு கருவி உண்மையிலேயே பிடித்துப்போய் தினமும் பயன்படுத்தத் தொடங்கினால், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. பிறகு படிக்கக் கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் ‘பாக்கெட்’ 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது, சேமித்த பட்டியலை எடுத்துக்கொள்ளச் சில மாத அவகாசம் மட்டும் தந்தார்கள். முதல் வாரத்திலேயே நாலைந்து குறிப்புகளை இட்டு எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். வரும் கோப்பு, அந்தக் கருவி இல்லாமலே ஒரு சாதாரண எடிட்டரிலோ எக்செலிலோ திறக்க வேண்டும். இணைத்த படங்களும் தேதிகளும் அதில் வந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். எக்ஸ்போர்ட் வசதியே இல்லையென்றால், இன்னும் ஐந்து குறிப்பு மட்டுமே உள்ளே இருக்கும்போது வேறு கருவிக்கு மாறுவது எளிது.