காதால் எழுதும் நொட்டேஷன்: மியூஸ்ஸ்கோரில் முதல் நான்கு மெஷர்

நான் கீபோர்டு வாசிப்பவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. மெட்டு போட்டால் அதை மற்றவர்கள் வாசிக்கும்படி எழுதிக் கொடுக்க வெகுநாள் ஒரே வழிதான் இருந்தது: நண்பருக்குப் போன் போட்டு ஒவ்வொரு நோட்டாகச் சொல்ல, அவர் தாளில் எழுதுவார். ஒருமுறை நான் ‘சி’ என்றேன், அவர் காதில் ‘டி’ என்று விழுந்தது. வயலின்காரர் எழுதியதை எழுதியபடியே வாசித்தார். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. சி, டி, ஈ, ஜி, பி ஐந்துமே காதுக்கு ஒரே சாயல்தானே!

இப்போது நானே எழுதுகிறேன். அதற்கு எனக்கு வேண்டியவை இரண்டு இலவச மென்பொருள்கள்தான்: திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்விடிஏ, நொட்டேஷன் எழுதும் மியூஸ்ஸ்கோர். விண்டோஸ் கணினி, என்விடிஏவில் அடிப்படைப் பழக்கம், நோட்டுகளின் பெயர் இவ்வளவும் இருந்தால் கீழே உள்ளதைச் செய்துவிடலாம்.

நிறுவுதல்

மியூஸ்ஸ்கோரின் 2.0 பதிப்பு 2015இல் வந்தபோதுதான் திரைவாசிப்பானோடு ஒழுங்காகப் பேசத் தொடங்கியது. நான் சொல்வதெல்லாம் 4ஆம் பதிப்புக்கு. பதிவிறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க் என்பதுதான் மென்பொருளின் தளம். டாட் காம் என்பது இசைத்தாள்களைப் பகிரும் வேறு தளம், அங்கே சந்தா கேட்பார்கள். மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்வது இந்தக் குழப்பத்தால்தான்.

என்விடிஏவைப் பழக்குங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், முக்கால்வாசி எரிச்சல் இங்கேதான் தீரும்.

முதலில் குரல். தமிழ்க் குரல் வைத்திருந்தால் மியூஸ்ஸ்கோரின் ஆங்கிலச் சொற்கள் கேட்க விபரீதமாக இருக்கும். என்விடிஏ விசையோடு கண்ட்ரோல், பி (P) அழுத்தினால் புரொஃபைல் பெட்டி வரும். புரொஃபைல் என்றால் ஒரு மென்பொருளுக்கென்று தனியாக வைக்கும் அமைப்புகள். மியூஸ்ஸ்கோருக்கென்று தனியாக ஒரு புரொஃபைல் போட்டு, அதில் ஆங்கிலக் குரலைக் கொஞ்சம் மெதுவாக வையுங்கள். அந்த மென்பொருளுக்குள் போனதும் குரல் தானாக மாறிவிடும்.

அடுத்தது தட்டச்சு எதிரொலி. நீங்கள் சி அழுத்தினால் என்விடிஏ ‘சி’ என்று எழுத்தைச் சொல்லும், உடனே நோட்டையும் சொல்லும். இரட்டிப்பு வேண்டாமென்றால் என்விடிஏ விசையோடு 2 அழுத்தி எழுத்தொலியை நிறுத்துங்கள். பாட்டு ஓடும்போது என்விடிஏ பேசினால் இசை சட்டென்று தணிகிறதா? என்விடிஏ, ஷிஃப்ட், டி (D) சேர்த்து அழுத்தி அதையும் மாற்றலாம்.

இன்னொன்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் மேற்கத்திய இசைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு. ஒரு பீட் நோட்டை மென்பொருள் ‘குவார்ட்டர்’ என்று சொல்லும், நமக்கோ ‘குரோச்செட்’ என்றால்தான் மண்டையில் ஏறும். பிரிஃபரன்சஸில் மொழியைப் பிரிட்டிஷ் ஆங்கிலமாக மாற்றுங்கள், குரோச்செட், மினிம் என்றே பேசும்.

புது ஸ்கோர்

கண்ட்ரோல், ‘என்’ (N). தேடல் பெட்டியில் வயலின் என்று ஆங்கிலத்தில் அடித்து, டேப் விசையால் பட்டியலுக்குப் போய், அம்புக்குறியால் தேர்ந்தெடுங்கள். சேர்க்கும் பொத்தானை அழுத்தினால்தான் கருவி ஸ்கோருக்குள், அதாவது நம் இசைத்தாளுக்குள், வரும். அடுத்த பக்கத்தில் தலைப்பு, கீ, தாளக்கணக்கு எல்லாம் இருக்கும். மெஷர் என்பது தாளத்தின் ஒரு சுற்று, இங்கே நான்கு பீட். மெஷர் எண்ணிக்கை 32 என்றிருக்கும், 4 ஆக்குங்கள். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு முடித்துவிடுங்கள்.

இந்த மென்பொருளில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தாவ எஃப்6, பகுதிக்குள் நகர டேப், அதற்கும் உள்ளே அம்புக்குறிகள். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போய்விட்டால் எஃப்6ஐத் தட்டித் தட்டி ஸ்கோருக்கு வந்துவிடலாம்.

மோகனத்தை எழுதுவோம்

ஒரு கட்டை சுருதி என்றால் ஸ என்பது சி. மோகனத்தின் ஆரோகணம் சி, டி, ஈ, ஜி, ஏ, மேல் சி. கமகத்தை ஸ்டாஃபில் (நோட்டு எழுதும் ஐந்து கோடுகளில்) எழுதப் போனால் தலைவலிதான், அந்த வம்புக்கு நான் போவதில்லை. வெறும் ஸ்வரம் மட்டும் எழுதிப் பார்ப்போம்.

கண்ட்ரோல், ஹோம் அழுத்துங்கள். முதலில் கிளெஃப் (கோடுகளின் தொடக்கத்தில் வரும் குறி), தாளக்கணக்கு என்று ஏதாவது சொல்லலாம். ‘ரெஸ்ட், மெஷர் 1, பீட் 1’ என்று கேட்கும்வரை வலது அம்பு. ரெஸ்ட் என்றால் நோட்டு இல்லாத மௌனம். அப்புறம் ‘என்’ (N) விசை. நோட்டு எழுதும் நிலைக்கு வந்துவிட்டோம்.

கால அளவுக்கு எண்கள்: 4 என்றால் குவேவர் (அரை பீட்), 5 குரோச்செட் (ஒரு பீட்), 6 மினிம் (இரண்டு), 7 செமிபிரீவ் (நான்கு). 5 அழுத்தி, பிறகு சி அழுத்துங்கள். நோட்டு ஒலிக்கும், உடனே என்விடிஏ பெயரையும் சொல்லும். ‘சி 5’ என்று சொன்னால் அது ஒரு ஸ்தாயி மேலே போய்விட்டது. கண்ட்ரோலோடு கீழ் அம்பு, ‘சி 4’ ஆகிவிடும். இதை முதல் நோட்டிலேயே சரிசெய்துவிடுங்கள். அடுத்தடுத்த நோட்டுகளை முந்தைய நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்தாயியில்தான் மென்பொருள் வைக்கும்.

இப்போது டி, ஈ, ஜி. ஒரு மெஷர் நிறைந்தது. அடுத்து ஏ. மேல் ஷட்ஜத்தை மூன்று பீட் நிறுத்த வேண்டும்: 6, அப்புறம் முற்றுப்புள்ளி, அப்புறம் சி. புள்ளி வைத்த மினிம். இரண்டாவது மெஷரும் முடிந்தது. அவரோகணத்துக்கு 5 அழுத்தி சி, ஏ, ஜி, ஈ, டி, மறுபடி 6, புள்ளி, சி.

எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து கண்ட்ரோல், எஸ் போட்டுச் சேமித்துவிடுங்கள். நான்கே மெஷர்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

திரும்பக் கேட்டுப் பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். கண்ட்ரோல், ஹோம், பிறகு வலது அம்பால் நோட்டு நோட்டாக நகருங்கள். ஸ்வரம், அளவு, மெஷர், பீட் என்று வரிசையாகச் சொல்லும். நான் ஸ்வரத்தை விட பீட் எண்ணைத்தான் கூர்ந்து கேட்பேன். நோட்டு தப்பினால் காது பிடித்துவிடும், அளவு தப்பினால் பீட் எண் காட்டிக்கொடுக்கும். நோட்டு மட்டுமல்ல, மெஷர்களைப் பிரிக்கும் கோடு, கிளெஃப் உட்பட எல்லாம் கேட்க வேண்டுமென்றால் ஆல்ட்டோடு வலது அம்பு. முழுதாக இசைத்துக் கேட்க ஸ்பேஸ்.

தப்பான நோட்டின் மேல் நின்று மேல், கீழ் அம்பு அழுத்தினால் அரைச் சுரம் நகரும். டெலிட் அழுத்தினால் நோட்டு போய் அதே அளவு ரெஸ்ட் வந்து உட்காரும். பின்னால் உள்ளவை முன்னால் நகரவில்லையே என்று முதல் நாள் நானும் விழித்தேன். மெஷர் எப்போதும் நிறைந்தே இருக்கும், அதுதான் விஷயம். குழப்பிவிட்டால் கண்ட்ரோல், இசட் இருக்கவே இருக்கிறது.

நோட்டுக்குக் கீழே ஸ ரி க என்று எழுத, முதல் நோட்டில் நின்று கண்ட்ரோல், எல். ஒவ்வோர் எழுத்துக்கும் பிறகு ஸ்பேஸ் தட்டினால் அடுத்த நோட்டுக்குப் போகும். தமிழிலேயே அடிக்கலாம், ஆனால் எழுத்துகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்வையுள்ள யாரையாவது ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

யாருக்கு எந்தக் கோப்பு

ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட். வாசிப்பவருக்கு பிடிஎஃப். வேறு நொட்டேஷன் மென்பொருள் வைத்திருப்பவருக்கு மியூசிக் எக்ஸ்எம்எல். மற்றவர்கள் நமக்கு அனுப்பும்போதும் மியூசிக் எக்ஸ்எம்எல்தான் கேட்டு வாங்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் நமக்கு வெறும் படம்.

நம் விரலுக்கு பிரெயில். திரையில் உள்ளதைத் தொட்டுணரும் புள்ளிகளாகக் காட்டும் பிரெயில் டிஸ்பிளே இருந்தால் வியூ மெனுவில் பிரெயில் பலகத்தைத் திறந்து, எழுத எழுதவே தொட்டுப் படிக்கலாம். அந்தக் கருவியின் விலைக்கு நம்மில் பலரால் வாங்க முடியாது. அதனால் பிரெயில் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, எம்பாசர் (பிரெயில் அச்சுப்பொறி) வைத்திருக்கும் பள்ளியிலோ அமைப்பிலோ அச்சடித்துக்கொள்ளலாம்.

தாள் கைக்கு வந்ததும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. லூயி பிரெயில் தாமே ஆர்கன் வாசிப்பவர், 1829இல் வெளியிட்ட முறையிலேயே இசைக்கும் இடம் வைத்திருந்தார். இன்றைய பிரெயில் இசைக் குறியீட்டில் 1, 4, 5 புள்ளிகள் குவேவர் அளவுள்ள சி. கூடவே 6ஆம் புள்ளி சேர்ந்தால் குரோச்செட். ஆகவே நம் மோகனத்தின் முதல் ஸ, நான்காம் ஸ்தாயியைச் சொல்லும் 5ஆம் புள்ளி, அதையடுத்து 1, 4, 5, 6. ஆனால் பிரெயில் எழுத்துகளில் 1, 4, 5 என்பது என்ன தெரியுமா? டி! போனில் பட்டது போதாதென்று விரல் நுனியிலும் அந்த சி-டி குழப்பம்.