பழைய பெங்களூரை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள், வெயில் ஏறுவதற்குள் லால்பாக் சென்றுவிடுவது நல்லது. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய அத்தோட்டத்தில், கண்ணாடி மாளிகையைவிட, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைக்கே கூடுதல் நேரம் ஒதுக்கலாம். அதன் உச்சியிலுள்ள கெம்பேகௌடா கோபுரத்தருகே குனிந்து பார்த்தால், வெளிறிய வரிகளும் கருஞ்சாம்பல் வரிகளும் காலடியில் நெளிந்தோடுவது தெரியும். மழை பெய்திருந்தால் வழுக்கும்.

மேற்கு வாயிலுக்கு அருகிலுள்ள நிலையத்தில் மெட்ரோ பிடித்து, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி, சிறிது தூரம் நடந்தால், 1791இல் கட்டி முடிக்கப்பட்ட திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனையை அடையலாம். அதன் தேக்கு மரத் தூண்களே பார்க்க வேண்டியவை. காட்சிக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், விஜயநகரப் பாணித் தூண்கள் கொண்ட அல்சூர் சோமேசுவரர் கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.