லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்களுக்கு

ஜனவரி முதலாம் திகதி வேதாகமத்தை எடுத்து, நாளைக்கு மூன்று அதிகாரம் என்று தொடங்கியவர் எங்கே விழுவார் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. முப்பது நாளில் தொண்ணூறும் முடிந்துவிடும். 31ஆம் திகதி லேவியராகமம் தொடங்கும். பெப்ரவரி 4ஆம் திகதி 13ஆம் அதிகாரம். நான் மூன்று வருடம் அந்த அதிகாரத்திலேயே கழன்றுகொண்டவன். நாலாவது வருடம்தான் தாண்டினேன். தாண்டிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாமான். ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம்), ஒரு பென்சில், தாளில் அச்சடித்த வேதாகமம். போன் வேண்டாம். இரண்டாம் வசனத்தில் வாட்ஸ்அப் மணி அடித்தால் மூன்றாம் வசனத்துக்குத் திரும்பி வரமாட்டீர்கள். ஒலி வடிவமும் சங்கீதங்களுக்கு நல்லது, இந்தப் பகுதிக்குத் தூக்கம்தான் வரும். ‘பழைய திருப்புதல்’ என்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்போடு, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியமும் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை குறையும். ‘அசறு’ (தோலில் வரும் பொருக்கு) என்ற சொல்லில் நான் ஒரு வருடம் தடுமாறியிருக்கிறேன்!

அடுத்து, வேகத்தைக் குறையுங்கள். லேவியராகமம் மொத்தமே 27 அதிகாரம். இங்கே மட்டும் நாளைக்கு ஒன்று போதும். அட்டவணை பிந்தும், பிந்தட்டும்.

இனி 13ஆம் அதிகாரம். குஷ்டம் என்று சொல்லப்படும் தோல்நோயைப் பற்றியது. 59 வசனம், தடிப்பு, வெள்ளைப்படர், மயிர் வெளுத்ததா, தோலைவிடப் பள்ளமாகத் தெரிகிறதா என்று போய்க்கொண்டே இருக்கும். ‘இதில் எனக்கு என்ன செய்தி?’ என்று தேடித் தேடித்தான் நான் களைத்தேன். அப்படித் தேடாதீர்கள். கொப்பியில் மூன்று கோடு போட்டுப் பிரியுங்கள்: ஆசாரியன் எதைப் பார்க்கிறான், எத்தனை நாள் காத்திருக்கிறான், என்ன சொல்லி அனுப்புகிறான். அவ்வளவுதான். பத்து வசனம் எழுதும்போதே ஒன்று கண்ணில் படும். சந்தேகமான புண்ணை அவன் உடனே தீட்டு என்று சொல்வதில்லை. ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்கிறான். படரவில்லை என்றால் இன்னும் ஏழு நாள். அப்போதும் படராவிட்டால், உடுப்பைத் தோய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எல்லாரும் அவசரப்பட்டுக் கையை நீட்டக்கூடிய ஒரு விஷயத்தில் பதினாலு நாள் தவணை!

பிறகு 46ஆம் வசனம். குஷ்டம் என்று உறுதியானவன் பாளயத்துக்கு, அதாவது மக்கள் கூடாரம் போட்டிருக்கும் இடத்துக்கு, வெளியே தனியே குடியிருக்க வேண்டும். நான் புத்தகத்தை மூடிய இடம் இதுதான். மட்டக்களப்புக்காரருக்கு இந்த வசனத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் வாவிக்குள்ளேயே மாந்தீவு இருக்கிறது, தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்த தீவு. “மாந்தீவுக்குக் கொண்டு போயிட்டாங்க” என்று சொல்லும்போது அம்மம்மாவின் குரல் தானாகத் தணியும். அதற்குமேல் அந்த ஆளைப் பற்றிக் கதை இருக்காது. வேதமும் அப்படியே விட்டுவிடுகிறது என்று நினைத்துத்தான் மூடினேன்.

மூடாதீர்கள். அடுத்த 13 வசனம் துணியில் பிடிக்கும் பூசணத்தைப் பற்றியது, அதை வேகமாகக் கடக்கலாம். 14ஆம் அதிகாரம் 3ஆம் வசனத்தில் பென்சிலை நிறுத்துங்கள். ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே புறப்பட்டுப் போகிறான். நோயாளி உள்ளே வந்து காட்டுவதில்லை, பார்க்க வேண்டியவன்தான் தேடிப் போகிறான். பிறகு இரண்டு குருவி. ஒன்றை ஊற்றுநீர் உள்ள மண்பாத்திரத்தின்மேல் கொல்லுகிறார்கள், மற்றதை அந்த இரத்தத்தில் தோய்த்து வெளியில் பறக்கவிடுகிறார்கள். அன்றைக்கு மேசையில் இருந்து எழும்ப எனக்கு நெடுநேரம் ஆனது. மூன்று வருடமும் நான் பதினாறு வசனம் முன்னாலேயே நின்றிருக்கிறேன்.

இதே கொப்பிப் பக்கத்தில் மாற்கு 1:40 முதல் 45 வரை எழுதிக்கொள்ளுங்கள். இயேசு குஷ்டரோகியைத் தொடுகிறார், மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொல்லி ஆசாரியனிடம் அனுப்புகிறார். அந்தக் காணிக்கை எது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். கடைசி வசனத்தையும் பாருங்கள்: சுகமானவன் ஊருக்குள் கதை சொல்லித் திரிகிறான், இயேசுதான் ஊருக்குள் வர முடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்குகிறார்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் மூச்சு விடலாம். வயல் ஓரத்தை முற்றாக அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று இருக்கும். எங்கள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாரி வெள்ளாமை வெட்டும் காலத்தில் இதை வாசித்தால், போவாஸின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையும் சேர்ந்து விளங்கும். போவாஸ் ஒரு நல்ல போடியார், எங்கள் ஊர் வயல் முதலாளி மாதிரி, அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை: இதை வாசித்த ஓர் அக்கா, “குஷ்டம் என்றால் இன்றைய தொழுநோய்தானா? எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு இருந்தது, வாசிக்கவே மனம் நோகிறது” என்று கேட்டிருந்தார். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதே எபிரெயச் சொல் துணிக்கும் வீட்டுச் சுவருக்கும் வருகிறது. சுவருக்குத் தொழுநோய் வராது. பல தோல் கோளாறுகளுக்கும் பூசணத்துக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் கண்டுபிடித்ததே 1873இல்தான். இன்று அது மருந்தால் முற்றாகச் சுகமாகும் நோய். யாருக்காவது தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருந்தால் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொருவர் 1 நாளாகமத்தின் பெயர்ப்பட்டியலில் நிற்கிறாராம், ஒன்பது அதிகாரம். சரி தம்பி, அதற்கும் அதே கொப்பிதான். பெயருக்குப் பக்கத்தில் ஒரு வேலையோ ஒரு அழுகையோ சொல்லப்பட்டிருந்தால் மட்டும் குறியுங்கள். 7ஆம் அதிகாரத்தில் எப்பிராயீம் பிள்ளைகளைப் பறிகொடுத்து அழுவார். அடுத்த சில வரிகளில் அவருடைய மகள் ஒருத்தி ஊர்களைக் கட்டுவாள். பெயரை நீங்களே தேடி எழுதுங்கள்.