வருகிற ஆளை விரட்டாமல் இருப்பது எப்படி: கவுண்டிக் கட்சிகள் வாலண்டியர் விஷயத்தில் செய்யும் தவறுகள்

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா ஆகஸ்ட் மாதத்தில் ஒரு கட்சியின் கவுண்டிக் கிளைக்கு வாலண்டியராகப் பெயர் கொடுத்தார். ஏதோ ஒரு கோடை விழாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல், எந்தக் கிழமை வசதி என்று எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து மெயில் வரத் தொடங்கியது. அத்தனையும் பணம் கேட்டு. இன்று நள்ளிரவுக்குள் 25 டாலர், இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்கிற ரகம். 'வேலை செய்ய வாங்க' என்று ஒரு மனிதக் குரல் போனில் கூப்பிட்டபோது அக்டோபர் கடைசி வாரம். அக்கா அதற்குள் தன் ஓட்டையே போட்டு முடித்திருந்தார்.

வடக்கு வர்ஜினியாவில் சில தேர்தல்களாக இந்த வேலையை அருகிலிருந்து பார்க்கிறேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். எதிர் முகாமில் இருக்கும் நண்பரும் இதே கதையைத்தான் சொல்கிறார். மாதக் கூட்டத்தில் 'ஆளே வருவதில்லை' என்று புலம்புவார்கள். ஆள் வருகிறது. வந்த ஆளை என்ன செய்வது என்றுதான் தெரிவதில்லை.

அமெரிக்க அரசியல் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். பொதுவாக ஒவ்வொரு கவுண்டியிலும் கட்சிக்கு ஒரு கமிட்டி உண்டு. பெரும்பாலான இடங்களில் அதில் சம்பளக்காரர் யாரும் இல்லை. தலைவர் உட்பட எல்லோரும் ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள். அதற்குக் கீழே பிரீசிங்க்ட், நம் ஊர் பூத் போல. வேட்பாளரின் பிரசாரக் குழு இதிலிருந்து தனி. அது தேர்தலோடு கலைந்துவிடும், கமிட்டி மட்டும் இருக்கும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் ஒரே ஆளை ஒரே சனிக்கிழமைக்கு மூன்று பேர் கூப்பிடுவதும் நடக்கும்.

'தொண்டர்' என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் தொண்டர் என்று நாம் சொல்பவர் தலைவருக்காக வெயிலில் நிற்பார், அவமானப்பட்டாலும் மறுநாள் வருவார். இங்கே வருகிறவர் பிள்ளையின் நீச்சல் வகுப்புக்கும் காய்கறி வாங்குவதற்கும் நடுவில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி வருகிறார். அந்த இரண்டு மணி நேரம் வீணானால் சண்டை போட மாட்டார். சத்தமில்லாமல் அடுத்த முறை வராமல் இருப்பார், அவ்வளவுதான். அதனால் வாலண்டியர் என்றே எழுதுகிறேன்.

முதல் 48 மணி நேரம்

மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது, பெயர் கொடுத்தவரை உடனே கூப்பிடாதது. ஆர்வம் என்பது சுடச்சுட ஊற்றிய காபி மாதிரி. இரண்டு நாள் வைத்துவிட்டுக் குடிக்க முடியாது. பெயர் வாங்கிய தாள் யாரோ ஒருவரின் கார் டிக்கியில் கிடக்கும். அவர் அதைக் கணினியில் ஏற்றுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும். மேசையில் உட்காரும்போதே, இந்தத் தாளிலுள்ள பெயர்களை நாளை மாலைக்குள் யார் கூப்பிடப் போகிறார் என்பது முடிவாகியிருக்க வேண்டும். மெயில் இல்லை, போன். 'இந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வர முடியுமா? நானும் இருப்பேன்' என்று ஒரு நாளும் நேரமும் சொல்லி அழைக்க வேண்டும். 'எப்போது வசதியோ சொல்லுங்கள்' என்று விட்டால் யாருக்கும் எப்போதும் வசதி வராது.

அப்புறம், முந்தின நாள் இரவு ஒரு நினைவூட்டல். என் அனுபவத்தில் இருபது பேர் வருவதாகச் சொன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சேர்வார்கள். நினைவூட்டாவிட்டால் அதுவும் இல்லை. வராதவர்மேல் கோபப்படுவதும் ஒரு தவறுதான். அவர் அடுத்த வாரம் வரலாம், கோபப்பட்டால் வர மாட்டார்.

இதைவிட மோசம், புதியவரை முதன்முதலில் கமிட்டியின் மாதக் கூட்டத்துக்கு அழைப்பது. போன கூட்டத்தின் குறிப்பை வாசித்து, அதை ஏற்கத் தீர்மானம் போட்டு, அதற்கொரு திருத்தம் சொல்லி, திருத்தத்துக்கு வாக்கெடுத்து, ஒன்றே முக்கால் மணி நேரம் போகும். பழைய ஆட்கள் பழைய சண்டைகளைப் போடுவார்கள். நாட்டைக் காப்பாற்றலாம் என்று கிளம்பி வந்தவர், பொருளாளர் அறிக்கையில் 40 டாலர் ஏன் உதைக்கிறது என்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். முதல் அழைப்பு வேலைக்கானதாக இருக்கட்டும். கூட்டம் பிறகு.

கதவைத் தட்ட அனுப்பும்போது

யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998இல் நியூ ஹேவன் நகரத்தில் ஒரு சோதனை செய்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். வீடு தேடிப் போய் நேரில் பேசியதில் ஓட்டுப்பதிவு கண்கூடாகக் கூடியது. காசு கொடுத்து அமர்த்திய நிறுவனம் செய்த தொலைபேசி அழைப்புகளால் பலன் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: கதவு தட்டுவதுதான் சிறந்தது என்பதால் வந்தவர் எல்லோரையும் கதவு தட்ட அனுப்புவது. அதுவும் முதல் நாளே, தனியாக, கையில் போனைக் கொடுத்து, 'ஆப்பில் எல்லாம் இருக்கு' என்று சொல்லி.

நம் ஆட்களை யோசித்துப் பாருங்கள். பதினைந்து வருடம் இங்கே இருந்தும் எதிர் வீட்டுக்காரரிடம் தட்பவெப்பம் தவிர வேறெதுவும் பேசாதவர்கள் நிறைய. அவர்களை முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று கருக்கலைப்பு, துப்பாக்கி, பள்ளி வாரியம் பற்றிப் பேசச் சொன்னால் வயிறு கலங்காதா? முதல் முறை பழகிய ஒருவரோடு ஜோடியாக அனுப்ப வேண்டும். முதல் ஐந்து கதவு அவர் பேசட்டும், புதியவர் பார்க்கட்டும். ஆறாவது கதவு புதியவருக்கு. பெரும்பாலான வீடுகளில் யாரும் திறக்க மாட்டார்கள், துண்டறிக்கையைச் செருகிவிட்டு வரலாம் என்பதை முன்கூட்டியே சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. தபால் பெட்டிக்குள் துண்டறிக்கை போடக் கூடாது. தபால்தலை ஒட்டாத எதையும் அதற்குள் போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம். இதைச் சொல்லித் தராமல் அனுப்பினால் நல்ல மனதோடு தெரு முழுக்கப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருவார்கள். 'நோ சொலிசிடிங்' பலகையைப் பார்த்து மிரள்பவர்களும் உண்டு. அது பொருள் விற்க வருபவர்களைத் தடுக்க வைத்தது என்பதுதான் பொதுவான புரிதல். வீடு வீடாகப் போய்க் கருத்துச் சொல்ல முன் அனுமதி வாங்க வேண்டும் என்று ஓர் ஊர் போட்ட விதியை 2002இல் உச்ச நீதிமன்றமே செல்லாது என்றது. ஆனால் வீட்டுக்காரர் போகச் சொன்னால் வாதாடாமல் கிளம்பிவிட வேண்டும். ஒரு ஓட்டுக்காகப் போய் ஒரு எதிரியைச் சம்பாதிப்பானேன்.

கதவு தட்டப் பிடிக்காதவருக்கு வேறு வேலையா இல்லை? பட்டியலைத் திருத்துவது, வயதானவர்களைக் காரில் சாவடிக்குக் கூட்டிப்போவது, அஞ்சலட்டை எழுதுவது, தேர்தல் நாளன்று சாவடிக்கு வெளியே நின்று மாதிரி வாக்குச்சீட்டு நீட்டுவது. வர்ஜினியாவில் காலை 6 முதல் இரவு 7 வரை வாக்குப்பதிவு. அந்தப் பதின்மூன்று மணி நேரமும் ஒவ்வொரு சாவடியிலும் ஆள் வேண்டும். வாசலிலிருந்து 40 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதும், மழைக்குக் குடை வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால் போதும். பேசக் கூச்சப்படும் ஒரு நண்பர் தேர்தல் நாளன்று ஃபிளாஸ்க்கில் டீயோடு சாவடி சாவடியாகப் போனார். நின்றவர்கள் கடைசிவரை நின்றதற்கு அந்த டீயும் ஒரு காரணம்.

வீட்டு முன் புல்வெளியில் நடும் வேட்பாளர் பெயர்ப் பலகை, அதாவது யார்ட் சைன் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் அதன்மேல் ஒரு மோகம், பாதி தகராறு அதனால்தான். ஒருவரை அந்தப் பலகைகளுக்குப் பொறுப்பாக்கிவிட்டு மற்றவர்கள் மறந்துவிடுவது நல்லது.

நம்மவர்களைத் தேடும்போது மட்டும் நடப்பவை

கட்சிக்காரர்கள் தீபாவளிக்கு வந்து குர்தா போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, நன்கொடைக்கு வழி கேட்டுவிட்டு, அடுத்த தீபாவளிவரை காணாமல் போவது முதல் வகைத் தவறு. இரண்டாவது, இந்தியர் என்றால் இந்தி என்று முடிவு கட்டி, தமிழ், தெலுங்கு வீடுகளுக்கு இந்தித் துண்டறிக்கை கொடுத்தனுப்புவது. அப்படி ஒரு கட்டு எங்களிடமும் வந்தது. தமிழ் வீடுகளுக்குப் போகச் சொன்னார்கள். நாங்கள் ஆங்கிலத்தையே எடுத்துக்கொண்டு போனோம். தமிழர் என்பதற்காகவே ஒருவரைத் தமிழர் வீடுகளுக்கு மட்டும் அனுப்புவதும் சரியில்லை. அவர் தெருவை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

குடியுரிமை விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து. விசாவில் இருப்பவர்களை 'உங்களால் எதுவும் முடியாது' என்று திருப்பி அனுப்பும் கமிட்டிகள் உண்டு. அது தவறு. ஹெச்-1பி வேலை விசாவிலோ, அவர்கள் குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவிலோ இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் பிரசார வேலை செய்வதைத் தேர்தல் சட்டம் தடுக்கவில்லை. பிரசாரத்தின் முடிவுகளை எடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்கக் கூடாது, எந்தத் தேர்தலுக்கும் பணம் தரக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் பணமும் தரலாம். ஓட்டு மட்டும் குடிமக்களுக்கே. விவரம் தெரியாத வாலண்டியர் ஒருவர் கூட்டமுள்ள இடத்தில் கிளிப்போர்டோடு நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் வாக்காளராகப் பதியச் சொன்னால், மாட்டிக்கொள்வது அவரல்ல. குடியுரிமை இல்லாதவர் குடிமகன் என்று கையெழுத்திட்டால் நாடு கடத்தல்வரை போகலாம். கிளிப்போர்டு கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் கட்சி அழைப்பைப் போடுவதும் வேண்டாம். வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பாக இருந்தால், அது எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது 1954 முதல் உள்ள விதி. சங்கத்தில் பழகியவரைத் தனியாக, உங்கள் பெயரில், உங்கள் போனிலிருந்து கூப்பிடுங்கள். அதேபோல வாஷிங்டனுக்கு அருகில் என்பதால் இங்கே மத்திய அரசு ஊழியர் ஏராளம். 1939இல் வந்த ஹேட்ச் சட்டப்படி அவர்கள் வேலை நேரத்திலோ அரசுக் கட்டடத்திலோ கட்சி வேலை செய்யக் கூடாது. ஓய்வு நேரத்திலும் கட்சிக்கு நிதி திரட்டக் கூடாது. எஃப்பிஐ போன்ற சில துறைகளில் இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. மதியம் இரண்டு மணிக்கு அவருடைய ஆபீஸ் மெயிலுக்கு அழைப்பு அனுப்பி அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

நவம்பர் என்ற மயக்கம்

'செப்டம்பர் வரட்டும், ஆள் சேர்க்கலாம்' என்பார்கள். வர்ஜினியாவில் தேர்தலுக்கு 45 நாள் முன்பே நேரில் ஓட்டுப் போடத் தொடங்கிவிடலாம். அதாவது செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் தேர்தல் தொடங்கிவிட்டது. அப்போது ஆள் பிடித்துப் பயிற்சி கொடுத்து அனுப்பினால், பட்டியலில் உள்ளவர்களில் ஒரு பகுதி ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருப்பார்கள். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வழக்கமாக ஜூனில் நடக்கும் உட்கட்சித் தேர்தல் முடிந்த கையோடு பிரீசிங்க்ட் பொறுப்பாளர்களைப் போட்டுவிட வேண்டும்.

2017இல் வர்ஜினியா மாநிலக் கீழவைத் தேர்தலில், நியூபோர்ட் நியூஸ் பகுதியின் 94ஆவது தொகுதியில் டேவிட் யான்சிக்கும் ஷெல்லி சைமண்ட்ஸுக்கும் ஆளுக்கு 11,608 ஓட்டு. 2018 ஜனவரி 4ஆம் தேதி ரிச்மண்டில் ஒரு கிண்ணத்தில் பெயரைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். யான்சியின் பெயர் வந்தது. மாநிலக் கீழவையில் பெரும்பான்மையே அவர் கட்சிக்கு 51-49 என்று அதனால்தான் நின்றது. மழை என்று அன்று ஒரு தெருவை விட்டுவிட்டுத் திரும்பிய வாலண்டியர்கள் இரண்டு பக்கமும் இருந்திருப்பார்கள். அவர்கள் இதை எப்படி ஜீரணித்தார்களோ.

தேர்தல் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த மயக்கம். ஜெயித்தால் கொண்டாட்டம், தோற்றால் மௌனம், இரண்டிலும் வாலண்டியரை யாரும் கூப்பிடுவதில்லை. பட்டியல் எக்செல் ஃபைலாக ஒருவரின் மடிக்கணினியில் இருக்கும், அவர் வேலை மாறி டெக்சாஸ் போயிருப்பார். வர்ஜினியாவில் மாநிலத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில், மத்தியத் தேர்தல் இரட்டைப்படை ஆண்டுகளில். வருடா வருடம் நவம்பர் உண்டு. சில சமயம் நவம்பர்வரைகூடக் காத்திருக்காது. 2024 நவம்பரில், வர்ஜினியா மாநில செனட்டராக இருந்த சுஹாஸ் சுப்பிரமணியம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வானார். அவருடைய மாநில செனட் இடம் காலியானது. லௌடன் கவுண்டியில் 2025 ஜனவரி 7ஆம் தேதி இடைத்தேர்தல். முன்கூட்டிய வாக்குப்பதிவு கிறிஸ்துமஸ் விடுமுறையோடு போனது, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் பனி கொட்டியது.

நவம்பர் முடிந்த வாரமே நன்றி சொல்லிப் போன் செய்து, 'மறுபடியும் கூப்பிட்டால் வருவீர்களா' என்று கேட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த டிசம்பரில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்கும். எங்கள் தெரு அக்காவைப் போன வாரம் பார்த்தேன். அவருக்கு இன்னமும் மெயில் வருகிறதாம். 25 டாலர், நள்ளிரவுக்குள்.