மாவுச்சத்து, சர்க்கரை, புரதம், கொழுப்பு: சோதனைக்குழாயில் கண்டறிவது எப்படி?

உயிர்வேதியியலில் கை பழக இந்த நான்கு சோதனைகள் போதும். மாதிரியை நீர்விட்டு அரைத்து வடிகட்டி, ஒவ்வொரு குழாயிலும் 2 மில்லி எடுங்கள். வெறும் நீருடன் ஒரு குழாயும் வையுங்கள். ஒப்பிட அது இல்லாமல் நிறத்தை நம்பக் கூடாது.

மாவுச்சத்துக்கு இரண்டு சொட்டு அயோடின் கரைசல் விட்டால் கருநீலம் தோன்றும். சூடான கரைசலில் நிறம் வராது, ஆறவிடுங்கள்.

சர்க்கரைதான் அதிகம் ஏமாற்றும். 2 மில்லி பெனடிக்ட் கரைசல் (காப்பர் உப்பு கலந்த நீலக் கரைசல்) சேர்த்து, கொதிநீரில் 5 நிமிடம் வையுங்கள். சர்க்கரையின் அளவுக்கேற்ப பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என நிறம் ஏறும். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இதில் சிக்கும். நாம் அன்றாடம் சர்க்கரை என்று சொல்லும் சுக்ரோஸ் சிக்காது! அதன் இரு மூலக்கூறு அலகுகளும் வினைபுரியும் முனைகளாலேயே பிணைந்திருப்பதுதான் காரணம். புதிய மாதிரியில் சில சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்துப் பிளந்து, ஆறியபின் நுரைப்பது நிற்கும்வரை சோடியம் பைகார்பனேட் சேர்த்து, மீண்டும் சோதியுங்கள். பைகார்பனேட்டை மறந்தால் அமிலம் பெனடிக்ட்டைக் கெடுத்துவிடும்.

புரதத்துக்கு 10% சோடியம் ஹைட்ராக்சைடு 2 மில்லி, பிறகு 1% காப்பர் சல்பேட் மூன்றே சொட்டு. ஊதா நிறம் பெப்டைடு பிணைப்புகளை, அதாவது அமினோ அமிலங்களைப் புரதமாகக் கோக்கும் இணைப்புகளைக் காட்டுகிறது. தனி அமினோ அமிலங்கள் அதைத் தராது. காப்பர் சல்பேட் கூடினால் அதன் நீலம் ஊதாவை மறைத்துவிடும். ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கொழுப்புக்கு, நீர்விட்டு அரைக்காத உலர் மாதிரியை எத்தனாலில் குலுக்கி, தெளிந்ததை மட்டும் நீரில் ஊற்றுங்கள். பால்போல் வெளுத்தால் கொழுப்பு உண்டு. அருகில் தீ கூடாது.