சுயாதீனமா, நற்பெயரா? மோதுவதுபோல் தோன்றும் வசனங்களை வாசிக்கும் முறை

மனுஷரைப் பிரியப்படுத்துகிறவன் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்ல என்று வேதாகமத்தில் கலாத்தியர் 1:10-ல் எழுதிய அப்போஸ்தலன் பவுலே, 1 கொரிந்தியர் 10:33-ல் எல்லாருக்கும் எல்லாவற்றிலும் பிரியமாய் நடப்பதாகச் சொல்கிறார். அகராதி இங்கே உதவாது. கிரேக்கத்தில் இரண்டிலும் ஒரே வினைச்சொல்தான். வசனத்தின் மீதிப் பாதியைப் படியுங்கள். கொரிந்தியரில் “அவர்கள் இரட்சிக்கப்படும்படிக்கு” என்று நோக்கம் சொல்லப்படுகிறது. கலாத்தியரில் வேறொரு சுவிசேஷம் நுழைவதைப் பற்றிய பேச்சு. ஆகவே முதல் வேலை, இரண்டு பகுதிகளையும் முழுதாக வாசித்து, யாருடைய நன்மைக்காக என்று ஓரத்தில் குறிப்பது.

அடுத்து, பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று கேளுங்கள். உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்குப் பவுல் விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்வித்தார் (அப்போஸ்தலர் 16:3). அவன் தகப்பன் கிரேக்கன் என்று அறிந்திருந்த யூதர்களிடையே போகவேண்டியிருந்தது. இன்னொரு உடன் ஊழியனான தீத்துவுக்கோ அதைக் கட்டாயப்படுத்த விடவில்லை (கலாத்தியர் 2:3-5). அங்கே கள்ளச் சகோதரர் அதை நிபந்தனையாக்கப் பார்த்தார்கள். செயல் ஒன்று, கேட்டவர்கள் வேறு. இயேசுவும் இடறலாகாதபடிக்கு ஆலய வரி செலுத்தினார் (மத்தேயு 17:27). கை கழுவும் பாரம்பரியத்தில் பரிசேயர் என்ற யூத மதக் குழுவினர் இடறலடைந்தபோது “அவர்களை விடுங்கள்” என்றார் (15:14).

பழகுவதற்கு ஏற்ற பகுதி 1 கொரிந்தியர் 10:25-30. மூன்று காட்சிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற இறைச்சி: விசாரிக்காமல் வாங்கலாம். அவிசுவாசி வீட்டு விருந்து: வைத்ததைச் சாப்பிடலாம். ஒருவர் “இது விக்கிரகத்துக்குப் படைத்தது” என்று சொல்லிவிட்டார்: சாப்பிடக்கூடாது. இறைச்சி மாறவில்லை, இப்போது ஒருவருடைய மனச்சாட்சி அதில் சம்பந்தப்பட்டுவிட்டது. உடனே 29-ல் “என் சுயாதீனம் மற்றொருவனுடைய மனச்சாட்சியினாலே” ஏன் குற்றமாக எண்ணப்படவேண்டும் என்ற கேள்வி வருவதுதான் பலரைக் குழப்புகிறது. 28-ஐயும் 29-ன் முற்பாதியையும் இடைச்செருகலாக எடுத்துக்கொண்டு, கேள்வியை 27-உடன் சேர்த்துப் படிப்பது ஒரு வழி. அப்படிப் படிக்காவிட்டாலும் பொருள் கெடாது: கையைத்தான் நிறுத்துகிறீர்கள், உங்கள் மனச்சாட்சி அவருடைய தீர்ப்புக்குக் கட்டுப்படவில்லை.

பெரும்பாலான தவறுகள் ‘இடறல்’ என்ற சொல்லில் நடக்கின்றன. பவுல் சொல்லும் பொருளில், ஒருவர் முகம் சுளிப்பது மட்டும் இடறல் அல்ல. 1 கொரிந்தியர் 8:10-ல் மனச்சாட்சியில் பலவீனன் ஒருவன், விக்கிரகக் கோயிலில் சாப்பிடும் உங்களைப் பார்த்து, தன் மனச்சாட்சிக்கு விரோதமாகத் தானும் சாப்பிடத் துணிகிறான், அதுவே இடறல். ரோமர் 14-ம் அப்படியே. சபையில் குரல் உயர்த்துகிறவர் பெரும்பாலும் அந்தப் பலவீனனாக இருப்பதில்லை. அவர் உங்களைப் பின்பற்றி எதையும் செய்யப்போவதுமில்லை.

1 தெசலோனிக்கேயர் 5:22-ஐத் தனியாக எடுக்காதீர்கள். ‘பொல்லாங்காய்த் தோன்றுகிற’ எல்லாவற்றையும் விட்டு விலகச் சொல்லும் மொழிபெயர்ப்பு, பிறர் கண்ணுக்குத் தப்பாகப் படுவதையெல்லாம் தடுப்பதுபோல் ஒலிக்கிறது. மூலச்சொல் வடிவம், வகை என்றும் பொருள் தரும். முந்திய வசனங்கள் தீர்க்கதரிசனங்களைச் சோதித்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கின்றன. பார்வைக்குத் தப்பாகத் தெரிவதே குற்றமானால், ‘போஜனப்பிரியன்’ என்று பேரெடுத்த இயேசுவே (மத்தேயு 11:19) அதில் சிக்குவார்.

நீதிமொழிகள் 22:1-ஐயும் லூக்கா 6:26-ஐயும் மோதவிடுவது எளிது, அவிழ்ப்பதும் எளிது. முன்னது நற்பெயரை ஐசுவரியத்தோடு ஒப்பிட்டு, அதைவிட மேலானது என்கிறது. பின்னது எல்லாரும் புகழும்போது ஐயோ என்கிறது. கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கும் அப்படியே புகழ் கிடைத்தது என்று அதே வசனம் காரணம் சொல்கிறது.