ஒரு நாள் மலையேற்றத்துக்கு இடுப்புப் பை: எதை எடுப்பது, எப்படி அடுக்குவது

வெள்ளியங்கிரி, பர்வதமலை, குரங்கணி என்று ஒரு நாள் நடைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதுகுப் பையை மட்டும் நம்பிப் போகிறார்கள். அந்தப் பை எப்போதும் முதுகிலேயே இருப்பதில்லை. ஓடையில் முகம் கழுவ, பாறை மேல் ஏறிப் படம் எடுக்க, புதர்ப் பக்கம் ஒதுங்க என்று அடிக்கடி கழற்றி வைத்துவிடுகிறோம். வழி தவறவும் கால் பிசகவும் அந்தப் பத்து நிமிடம் போதும். இடுப்புப் பை அப்படி உடம்பை விட்டுப் பிரியாது. அதனால் எதிர்பாராமல் மலையில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் எது இல்லாமல் முடியாதோ, அது மட்டும் இதற்குள் இருக்க வேண்டும்.

முதலில் பை

2 முதல் 3 லிட்டர் கொள்ளளவு சரி. ஒரு லிட்டர் பையில் போனும் பர்ஸும் வைத்தாலே நிறைந்துவிடும். 5 லிட்டர் என்றால் இடம் இருக்கிறதே என்று கண்டதையும் போடுவோம், ஏறும்போது அது தொடையில் இடிக்கும். குறைந்தது இரண்டு அறைகள் வேண்டும். பெல்ட் பட்டை 4 செ.மீ. அகலம் இருந்தால் நல்லது. மெல்லிய பட்டை இரண்டு மணி நேரத்தில் இடுப்பை அறுக்கும். வாங்கும்போதே பைக்குள் ஏதாவது கனமாக வைத்து, பக்கிளை மாட்டி, பலமாக இழுத்துப் பாருங்கள். பட்டை மெல்ல நழுவி நீளமானால் அந்தப் பை வேண்டாம்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருந்தாலும் தண்ணீர் ஜிப் வழியாக உள்ளே வரும். வியர்வை பின்பக்கத் துணி வழியாக வரும். அதனால் மருந்து, காகிதம், பணம் மூன்றும் தனித்தனியாகத் தடிமனான ஜிப் கவரில் இருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு, மலையடிவாரச் சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து பார்ப்பார்கள். மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய கவராகவே வாங்குங்கள்.

எதை வைக்கக் கூடாது

இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் பட்டியல்களில் லைட்டரும் தீமூட்டும் கம்பியும் முதலில் நிற்கும். அவற்றை அப்படியே நகலெடுக்காதீர்கள். நம் மலைகளில் பிப்ரவரி முதல் மே வரை போதைப்புல் எனும் மலைப்புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்பதோடு, சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு நம் கால் ஈடுகொடுக்காது. குளிரைத் தாங்க வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறோம்.

பாம்புக்கடிக்கு என்று விற்கும் உறிஞ்சு குழாய்ப் பெட்டியும் வேண்டாம். கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாமே கெடுதல். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, நடக்க விடாமல் தூக்கிக் கொண்டுபோவதுதான் செய்ய வேண்டியது.

வெளிச்சமும் ஒலியும்

நம் ஊரில் சூரியன் மறைந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் இருட்டிவிடும். சோலைக்காட்டுக்குள் அதற்கு முன்பே பாதை தெரியாது. போன் டார்ச் போதும் என்று நினைப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடியே சார்ஜை வேகமாக இழக்கும். டார்ச்சையும் அதில் போட்டால் உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் போன் இருக்காது. ஏறத் தொடங்கும்போதே போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

ட்ரிபிள் ஏ (AAA) பேட்டரி போடும், தலையில் மாட்டும் ஹெட்லாம்ப் ஒன்று, மாற்று பேட்டரி ஒரு செட். பைக்குள் அழுந்தி தானாக எரிந்து தீர்ந்துபோவது வழக்கமான கோளாறு. உள்ளே இருக்கும் பேட்டரிகளில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு வையுங்கள், தேவைப்படும்போது திருப்பினால் போதும். நடக்கும் நேரம் இருட்டை நெருங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே திருப்பிவிடுங்கள்.

விசில், உள்ளே உருண்டை இல்லாத வகை. உருண்டை எச்சிலில் ஒட்டிக்கொண்டால் சத்தம் வராது. மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, மறுபடி மூன்று. கத்தினால் அரை மணியில் தொண்டை கட்டிவிடும். யானை பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஊதாதீர்கள்.

குளிருக்கு

வெள்ளி நிறத் தகடு போன்ற அவசரப் போர்வை ஒன்று. 50, 60 கிராம்தான் இருக்கும், மடித்தால் உள்ளங்கை அளவு. இது சூட்டை உண்டாக்காது, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் திருப்பும், காற்றைத் தடுக்கும். வியர்த்து நனைந்த சட்டையோடு போர்த்தினால் பாதிப் பயன்தான். மாற்றுச் சட்டை இருந்தால் முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிழிந்து போடுங்கள், அதன்மேல் போர்வை, அதற்கும் மேலே மழைக்கோட்டு. மழைக்கோட்டு இல்லாவிட்டால் போர்வை காற்றில் படபடத்துக் கிழிந்துவிடும். வெறும் தரையில் உட்காராதீர்கள். முதுகுப் பையைக் கீழே போட்டு உட்காருங்கள், தரைதான் சூட்டை அதிகம் இழுக்கும்.

மருந்துப் பொதி

10 செ.மீ. அகல க்ரேப் பேண்டேஜ் 1, காஸ் துணி 2, மைக்ரோபோர் டேப் 1, பேண்ட்-எய்ட் 6, பொவிடோன் அயோடின் களிம்பு சின்ன ட்யூப் 1, பாரசிட்டமால் 500 மி.கி. 4, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இரண்டு நாளுக்கு. மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் தெரிய வேண்டும். வெயிலில் நீர் வற்றிய உடம்புக்கு ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அதனால் வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 2. இதில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுதும் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகி இன்னும் தாகமெடுக்கும், வாந்தியும் வரும். சின்ன பாட்டில்தான் இருக்கிறது என்றால் 200 மி.லி. அளவுக்கான பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். குடிநீர் இடுப்புப் பையில் அடங்காது. இரண்டு லிட்டராவது முதுகுப் பையில் தனியாக வேண்டும்.

மழைக்காலத்தில் வால்பாறை, மேகமலைப் பக்கம் போனால் ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்பு முடிச்சு கட்டாயம். இரண்டு ஸ்பூன் கல்லுப்பைப் பருத்தித் துணியில் முடிந்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் வையுங்கள். நேரடியாகப் பையில் போட்டால் ஈரம் கசிந்து ஜிப்பும் கத்தரியும் துருப்பிடிக்கும். ஏறிவரும் அட்டைமேல் ஈர முடிச்சைத் தொட்டால் விழுந்துவிடும். ஏற்கெனவே கடித்துக்கொண்டிருந்தால் நகத்தை வாய்ப்பக்கம் கொடுத்துச் சுரண்டித் தள்ளுங்கள். அட்டை விடும் சுரப்பு ரத்தத்தை உறைய விடாது, அதனால் சில மணி நேரம் கசியும். காஸ் வைத்து அழுத்திக் கட்டினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

சில்லறைச் சாமான்

3 மி.மீ. நைலான் கயிறு 5 மீட்டர், சின்ன மடக்குக் கத்தரி, ஊக்கு 3, டக்ட் டேப் ஒரு மீட்டர். டேப்பை முழு ரோலாக எடுக்காமல் பென்சிலில் சுற்றிக்கொண்டால் பென்சிலும் கிடைக்கும். ஷூ அடிப்பாகம் பிளந்துகொள்வது மலையில் சகஜம், அதற்கு இந்த டேப்தான் மருந்து. கடலை மிட்டாய் 150 கிராம், உறை நீக்கி வாழையிலையிலோ சின்ன டப்பாவிலோ. சாக்லேட் வெயிலில் உருகி எல்லாவற்றிலும் ஒட்டும். இரண்டு தொலைபேசி எண்களும் ரத்த வகையும் எழுதிய தாள், அடையாள அட்டை நகல், ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் சில.

அடுக்கும் வரிசை

1. உடம்பை ஒட்டிய பக்கம்: அவசரப் போர்வை, க்ரேப் பேண்டேஜ். தட்டையாக, மெத்தென்று இருப்பவை உடம்பில் குத்தாது.
2. நடுவில், அடியில்: கனமான மிட்டாய் டப்பா, மாற்று பேட்டரி. கனம் வெளிப்பக்கம் போனால் ஒவ்வோர் அடிக்கும் பை குதிக்கும்.
3. அதன்மேல் மருந்து கவர், ஓ.ஆர்.எஸ்., கயிறு.
4. முன் அறையில் ஹெட்லாம்பும் உப்பு டப்பாவும் மட்டும்.
5. விசில் பைக்குள் வேண்டாம், பெல்ட்டிலோ கழுத்திலோ கட்டுங்கள்.

இடம் மிஞ்சி உள்ளே ஆடினால் ஒரு கைக்குட்டையைத் திணியுங்கள். சமையலறைத் தராசில் நிறுத்தால் ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஜிப் இழுப்பான்களை நடுவில் நிறுத்தாமல் ஒரு ஓரத்துக்குத் தள்ளுங்கள், உண்ணிச்செடி மாட்டி இழுத்தால் நடுவில்தான் திறந்துகொள்ளும்.

பெல்ட் தொப்புளில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். முதுகுப் பைக்கும் இடுப்புப் பட்டை இருந்தால் இந்தப் பையை முன்பக்கம், அந்தப் பட்டைக்குக் கீழே தளர்வாக மாட்டுங்கள். இரண்டு பக்கிளும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் வயிற்றில் அழுத்தும், அவசரத்தில் எதைக் கழற்றுவது என்றும் குழம்பும்.

இனி ஒரு சோதனை. இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, ஒரே கையால் ஹெட்லாம்பை எடுத்து, பேட்டரியைத் திருப்பி எரிய விடுங்கள். பேட்டரி திருப்ப மட்டும் இரண்டாவது கை. தடவித் தேட வேண்டியிருந்தால் அடுக்கு சரியில்லை, மாற்றுங்கள். பிறகு அதே பையோடு நான்கு மாடி ஏறி இறங்குங்கள். எங்கே உரசுகிறது என்று அப்போதே தெரியும்.

திரும்பி வந்த அன்றே பையைக் காலி செய்து நிழலில் காயப் போடுங்கள். பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள், ஈரத்தில் கசிந்தால் ஹெட்லாம்பே போய்விடும். பேண்ட்-எய்ட் பசை நம் வெயிலுக்கு ஒரு வருடத்தில் காய்ந்துவிடும், ஓ.ஆர்.எஸ். கட்டிதட்டும். ஆடி மாதம் ஒருமுறை, தை மாதம் ஒருமுறை திறந்து பார்த்து மாற்றுங்கள்.